ஐந்தாம் நம்பர் பொட்டலம்

புதுதில்லி
22 செப்டம்பர் 1996

அன்புள்ள லேகா,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரை வந்திருந்தால் அதுவே எனக்குப் பெரிய காரியம். ஆறு வருஷமாகிவிட்டது. உன் முகவரியை அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். "கொல்லயில் ஊருலதான் கெட்டிக் குடுத்திருக்கு. பாறசாலை டுட்டோரியல்ல பாடம் எடுக்குது. உனக்கு எதுக்கு இப்பம்?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்லாத பதிலை உனக்குச் சொல்கிறேன்.

நான் இங்கே நெல்லில் ஆராய்ச்சி செய்கிறேன். நிலக்கரியும் பெட்ரோலும் எரிய எரியக் காற்றில் கரியமில வாயு கூடிக்கொண்டே போகிறது. நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் அது இரண்டு மடங்கு ஆகலாம் என்கிறார்கள். அப்போது நெல் என்ன செய்யும்? இதுதான் என் கேள்வி. மேலே திறந்த பிளாஸ்டிக் கூண்டுகளில் சட்டிகளை வைத்து, சிலிண்டரிலிருந்து அந்த வாயுவை விட்டு நெல் வளர்க்கிறோம். பயிர் ஜோராக வளர்கிறது. ஆனால் இலையைக் காய வைத்து, ஆசிட்டில் வேக வைத்து, நைட்ரஜன் எவ்வளவு என்று பார்த்தால்தான் தலை சுற்றுகிறது.

போன வருஷம் சாதாரணக் காற்றில் 2.9 சதவீதம், வாயுக் கூண்டில் 2.8. வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள். இந்த வருஷம் அதே நெல், அதே மண், அதே அளவு யூரியா. 2.9, 2.2! நைட்ரஜன் குறைந்தால் புரதம் குறைந்தது என்று அர்த்தம். பார்வைக்குப் பச்சை, உள்ளே சத்தில்லை.

புரொபசர் இரண்டு தாளையும் மேசையில் அடுத்தடுத்து வைத்தார். "இதில் எதை ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதினாய்?" என்று கேட்டார். பிப்ரவரியில் எங்கள் துறைக் கருத்தரங்கு. அதற்குள் விளக்கம் சொல்லாவிட்டால் என் பதிவை ரத்து செய்ய எழுதிவிடுவாராம்.

லேகா, இரண்டையும் நானே இலை பறித்து, காய வைத்துத்தான் அளந்தேன். இதை யாரிடம் சொன்னாலும் ஆறுதலுக்குத் தலையாட்டுவார்கள். நான் பொய் எழுதக்கூடியவள் என்று தெரிந்தவள் உலகத்தில் நீ ஒருத்திதான். நீ நம்பினால்தான் அது நம்பிக்கை. நான் எதைப் பார்க்காமல் விட்டேன், சொல்.

ஷிஜா


கொல்லயில்
3 அக்டோபர் 1996

ஷிஜா,

கிழிக்கவில்லை. அடுப்பில் போடத்தான் எடுத்துக்கொண்டு போனேன். எண்கள் கண்ணில் பட்டன.

நான் உன்னை நம்பவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. கடைசி வருஷம் நாம் இருவரும் சேர்ந்து செய்த நெல் புராஜெக்ட். உன் முறை வந்த வாரத்தில் நீ ஆரியங்கோட்டில் கல்யாண வீட்டில் இருந்தாய். ஏழு நாள் அளவையும் மனதுக்குத் தோன்றியபடி எழுதித் தந்தாய். நான் சுத்தமாகப் படி எடுத்தேன். அந்த ஏழு நாளில் மூன்று நாள் வயல் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது என்று புறத்தேர்வாளருக்குத் தெரிந்திருந்தது. "இது யார் கையெழுத்து?" என்றார். என் கையெழுத்து. நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்கு எம்.எஸ்சி. இடம் போனது நான்கு மார்க்கில். நீ தில்லி வரை போனாய்.

எண்ணுக்கு வருகிறேன். எண் என்ன பாவம் செய்தது? இரண்டு வருஷமும் எல்லாம் ஒன்றுதான் என்கிறாய். நெல், மண், யூரியா. தண்ணீரைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. போன வருஷம் சட்டியில் தண்ணீர் ஊற்றியது யார்? இந்த வருஷம் யார்? சட்டியில் தண்ணீர் நின்றதா, மண் நனைந்தது மட்டும்தானா?

உனக்கு உதவி செய்வதற்காகக் கேட்கவில்லை. தெரியாமல் தூக்கம் வரவில்லை.

லேகா


புதுதில்லி
11 அக்டோபர் 1996

லேகா! லேகா!

உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு ஹாஸ்டலிலிருந்து கூண்டு வரை ஓடினேன். போன வருஷம் ஒரு தோட்டக்காரர் இருந்தார். காலையும் மாலையும் சட்டி விளிம்பு வரை நிரப்புவார். நெல்லென்றால் தண்ணீர் நிற்க வேண்டும் என்று பிடிவாதம். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இந்த வருஷம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஹோஸ் பைப் பிடித்து நனைத்தது நான். சட்டியில் தண்ணீர் நிற்கவே இல்லை. இதை நான் குறிப்பில்கூட எழுதவில்லை!

புரிகிறதா? தண்ணீர் நிற்கும் மண்ணுக்குள் காற்றுப் போகாது. யூரியாவின் நைட்ரஜன் அம்மோனியமாகவே கிடக்கும். மண் காற்றாடினால் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். போன வருஷம் என் பயிர் சாப்பிட்டது அம்மோனியம், இந்த வருஷம் பெரும்பாலும் நைட்ரேட். நைட்ரேட்டைப் புரதமாக்க இலை கூடுதலாக உழைக்க வேண்டும். வெளிச்சத்தில் இலை வீணாக மூச்சு விடுகிறது என்று ஒளிச்சுவாசம் பற்றிப் படித்தோமே, கரியமில வாயு கூடினால் அது அடங்கிவிடும். வீண் என்று நினைத்த அந்த வேலைதான் நைட்ரேட்டைச் செரிக்கக் கைகொடுக்கிறதோ? ஊகம்தான். ஆனால் ஊகம் சரி என்றால் இரண்டு எண்ணும் உண்மை!

இங்கே இனி அடுத்த ஜூன் வரை நெல் கிடையாது. குளிர் வரப் போகிறது. அங்கே இப்போதுதான் கும்பப்பூ நெல் நடவு. கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன். சிலிண்டர் வேண்டாம். கருப்பட்டித் தண்ணீரில் பேக்கரி ஈஸ்ட் போட்டு வாளியில் வைத்தால் நுரைத்து நுரைத்து வருவது அந்த வாயுதான். நான்கு பிளாஸ்டிக் கூடாரம். இரண்டில் கருப்பட்டி வாளி, இரண்டில் வெறும் தண்ணீர் வாளி. ஒவ்வொன்றிலும் ஆறு சட்டி நெல். மூன்றில் தண்ணீர் நிற்கட்டும், மூன்றில் நிற்க வேண்டாம்.

நீ என் மேல் காறித் துப்பினது எல்லாம் நியாயம். அதற்குத் தனியாக எழுதுகிறேன். இப்போது மறுபடி கூண்டுக்கு ஓடுகிறேன். சந்தோஷத்தில்.

ஷிஜா


கொல்லயில்
14 நவம்பர் 1996

ஷிஜா,

செய்கிறேன். உனக்காக அல்ல. நிபந்தனை ஒன்று உண்டு. இலைப் பொடியைப் பொட்டலமாகக் கட்டி அனுப்புவேன். பொட்டலத்தில் நம்பர் மட்டும்தான் இருக்கும். எது எந்தக் கூடாரம், எந்தச் சட்டி என்று நீ எண்ணை எழுதி அனுப்பும் வரை சொல்ல மாட்டேன். சம்மதமா என்று கேட்கவில்லை.

கூடாரம் போட்டு பதினெட்டு நாள் ஆகிறது. என் வீட்டுக்காரர் பிரதீஷ் நெய்யாற்றின்கரையில் அச்சகத்தில் வேலை. அங்கே காகிதக் கட்டு சுற்றி வரும் பிளாஸ்டிக்கைக் கொண்டு வந்து மூங்கில் நட்டுக் கட்டித் தந்தார். வாயு இருக்கிறதா என்று பார்க்கச் சுண்ணாம்புத் தெளிநீர் வைத்தேன். வெறும் கூடாரத்தில் அது பால் நிறமாக ரொம்ப நேரம் பிடிக்கிறது. கருப்பட்டிக் கூடாரத்தில் பாதி நேரம்கூட இல்லை. முதல் நாள் அது வெளுத்ததைப் பார்த்தபோது நான் போட்ட சத்தத்தில் மாமியார் குளிமுறியிலிருந்து பாதிக் குளியலில் ஓடி வந்தார்கள்.

இனி கேள். ஏப்ரலில் இருந்து கேரளத்தில் சாராயம் கிடையாது என்று உனக்குத் தெரிந்திருக்கும். கருப்பட்டி புளித்த வாசம் நான்கு வீடு தாண்டிப் போயிருக்கிறது. யாரோ சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் எக்சைஸ் ஜீப் வந்து முற்றத்தில் நின்றது. மூன்று பேர். அதிகாரி நேராகக் கூடாரத்துக்குள் தலையை நீட்டினார்.

"எந்தாணிது?" என்று வாளியைக் காட்டிக் கேட்டார்.

"நெல்லுக்காக்கும் சார்" என்றேன்.

"நெல்லு சாராயம் குடிக்குமோ?"

"குடிக்காது சார். அந்த நுரையில வாற காத்துதான் நெல்லுக்கு."

ஒரு காவலர் சிரித்துவிட்டார். மாமியார் சரோஜம் அம்மா வாசலில் நின்று, "மக்கா, ஊருல ஆம்பிளையளுக்கு நிறுத்தியாச்சு. நீ பயிருக்குக் குடி பழக்குதியா?" என்றார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதிகாரியை உட்கார வைத்து முழுக் கதையும் சொன்னேன். நைட்ரஜன், புரதம், நம் பேரப்பிள்ளை சாப்பிடப்போகும் சோறு, எல்லாம். அவர் சுண்ணாம்பு நீர் வெளுப்பதைக் கடைசி வரை குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "மூணு நாளைக்கு மேல ஒரு வாளியும் நிக்கக்கூடாது. எங்க ஆளு வாற நேரம் அவன் முன்னால சாணிக்குழியில கொட்டணும். நோட்டுல எழுதணும். அவன் ஒப்பு வைப்பான்."

ஆகவே என் நோட்டில் இப்போது மூன்று நாளைக்கு ஒருமுறை எக்சைஸ் காவலர் கையெழுத்து உண்டு. யாரும் இதை வீட்டில் உட்கார்ந்து எழுதியது என்று சொல்ல முடியாது.

லேகா


புதுதில்லி
24 நவம்பர் 1996

அன்புள்ள லேகா,

எக்சைஸ் கதையைப் படித்து நான் சிரித்ததில் பக்கத்து அறை பஞ்சாபிப் பெண் கதவைத் தட்டினாள். அவளுக்கு இந்தியில் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

நம்பர் மட்டும் எழுதி அனுப்புவேன் என்றாயே, அதைப் படித்ததும் முகத்தில் அறைந்தது போல் இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. எனக்கு வேண்டியதும் அதுதான். எது எது என்று தெரியாமல் அளந்தால், என் ஆசை எண்ணுக்குள் நுழைய முடியாது. புரொபசரிடம் சொன்னேன். முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நேற்று நம் நெல் புராஜெக்டை நடத்திய சுகிர்தபாய் டீச்சருக்குக் கடிதம் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் போட்டேன். அந்த ஏழு நாள் அளவும் என் பொய், லேகாவுக்கு அது தெரியாது, கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை என்று எழுதினேன். ஒரு பக்கம்தான். ஆறு வருஷம் பிடித்தது. உன்னிடம் மன்னிப்புக் கேட்டு அதை ஒரு பேரமாக ஆக்கப் பயமாக இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதினேன் என்று மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும்.

ஷிஜா


கொல்லயில்
15 டிசம்பர் 1996

ஷிஜா,

இத்துடன் எட்டுப் பொட்டலம். நட்டு நாற்பத்தைந்தாம் நாள் பறித்த இலை. ஒவ்வொரு பொட்டலமும் ஒரு கூடாரத்து மூன்று சட்டி. நிழலில் காய வைத்து, பிறகு ஓட்டுச்சட்டியில் இளஞ்சூட்டில் வாட்டி, உரலில் பொடித்துச் சலித்தேன். எது எது என்று எழுதிய தாளை ஒட்டிப் பிரதீஷிடம் கொடுத்து அச்சகத்து அலமாரியில் பூட்டச் சொன்னேன். நானே திறந்து பார்த்துவிடுவேனோ என்று எனக்கே சந்தேகம்.

சுகிர்தபாய் டீச்சர் போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக இங்கே வந்தார்கள். கையில் உன் கடிதம். கூடாரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில், "அன்னைக்கு நான் உன்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் பிள்ளே" என்றார்கள். நான் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன். மூன்று சட்டி வழிந்துவிட்டது. நல்லவேளை, தண்ணீர் நிற்க வேண்டிய சட்டிகள்தான்.

என் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

சீக்கிரம் அளந்து அனுப்பு. டுட்டோரியலில் பாடம் எடுக்கும்போது எட்டு எட்டு என்று பலகையில் எழுதிவிடுகிறேன்.

லேகா


புதுதில்லி
4 ஜனவரி 1997

லேகா,

ஒவ்வொன்றும் மூன்று தடவை அளந்தேன். புரொபசர் பக்கத்தில் நின்றார். அவர் கையெழுத்துப் போட்ட தாளின் நகல் இத்துடன் இருக்கிறது.

1 — 2.9
2 — 2.3
3 — 3.0
4 — 2.8
5 — 2.4
6 — 2.2
7 — 2.9
8 — 2.8

ஐந்து உயரம், மூன்று பள்ளம். எது எது? எது எது? இந்தத் தாளை வைத்துக்கொண்டு சோறு இறங்கவில்லை. தந்தி அடிக்கலாமா என்று யோசித்தேன். தபால்காரனுக்கு என்ன புரியும்!

உடனே எழுது.

ஷிஜா


கொல்லயில்
10 ஜனவரி 1997

ஏட்டி ஷிஜா,

தபால் வந்தது பதினொன்றரைக்கு. டுட்டோரியலில் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு பஸ் பிடித்து நெய்யாற்றின்கரைக்குப் போனேன். அச்சகத்து மெஷின் சத்தத்துக்கு நடுவில் பிரதீஷ் அலமாரியைத் திறந்தார். மை படிந்த அந்த மேசையிலேயே தாளை விரித்தேன். இனி நீ பார்:

வெறும் காற்று, தண்ணீர் நின்றவை: 1, 3. அதாவது 2.9, 3.0.
வெறும் காற்று, நிற்காதவை: 7, 8. அதாவது 2.9, 2.8.
வாயுக் கூடாரம், நிற்காதவை: 2, 6. அதாவது 2.3, 2.2!

உன் இரண்டாம் வருஷத்து எண் அப்படியே வந்திருக்கிறது. நீ பொய் எழுதவில்லை. ஷிஜா, நீ பொய் எழுதவில்லை! அங்கே நின்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அச்சுக் கோர்க்கிறவர் திரும்பிப் பார்த்தார்.

வாயுக் கூடாரம், தண்ணீர் நின்றவை: 4, 5. அதாவது 2.8, 2.4.

நான்கு சொன்ன சொல் கேட்டிருக்கிறது. ஐந்து கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க இந்த ஐந்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஏன்?

லேகா


புதுதில்லி
17 ஜனவரி 1997

லேகா,

படித்தேன். கத்தினேன். அழுதேன். எல்லாம் முடிந்து இப்போது ஐந்தில் நிற்கிறேன்.

அந்தக் கூடாரத்துச் சட்டி ஏதாவது ஒழுகியிருக்குமா? ஒழுகியிருந்தால் தண்ணீர் நின்றிருக்காது, காரணம் கிடைத்துவிடும், அந்தப் பொட்டலத்தை விலக்கிவிடலாம். ஒழுகியது என்று நீ ஒரு வரி எழுதினால் போதும். ஏழு பொட்டலமும் கண்ணாடி போல் தெளிவாக நிற்கும். கருத்தரங்கு பிப்ரவரி 12.

ஷிஜா


கொல்லயில்
24 ஜனவரி 1997

ஷிஜா,

மூன்று சட்டியையும் தண்ணீர் நிரப்பி ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஒழுகவில்லை.

எழுத மாட்டேன்.

ஐந்து ஐந்தாகவே இருக்கட்டும். எட்டையும் போடு. இல்லையென்றால் ஒன்றையும் போடாதே.

லேகா


புதுதில்லி
14 பிப்ரவரி 1997

அன்புள்ள லேகா,

உன் கடிதம் வந்த அன்று உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒருநாள் முழுக்க இருந்தது. மறுநாள் காலையில் போன கடிதத்தில் நான் என்ன கேட்டிருக்கிறேன் என்று திரும்ப நினைத்துப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷம் கழித்து, சுகிர்தபாய் டீச்சருக்கு எழுதி இரண்டு மாதம் ஆகும் முன்னால், அதே ஆள் எனக்குள் எழுந்து வந்து மறுபடி உன் கையெழுத்தைக் கேட்டிருக்கிறாள். நீ தரவில்லை. அதற்கு நன்றி என்ற சொல் சின்னது.

முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன். நாற்பது பேர் இருந்தார்கள். இரண்டு வருஷத்து எண்ணையும் போட்டேன். தோட்டக்காரர் கதை சொன்னேன். பிறகு உன் கூடாரம். எக்சைஸ் கையெழுத்துப் போட்ட நோட்டுப் பக்கத்தைத் திரையில் காட்டினதும் மண்டபம் முழுக்கச் சிரிப்பு. சிரித்து முடிந்ததும் எல்லோரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். எட்டு எண்ணையும் வரிசையாகப் போட்டேன். ஐந்தை நடுவில் ஒளிக்கவில்லை. சிவப்பில் எழுதினேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். மண் ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். "ஐந்து ஏன் குறைந்தது?" என்றார்.

"தெரியாது சார்" என்றேன்.

"சட்டி ஒழுகியிருக்கலாமே?"

"ஒழுகவில்லை சார். பார்த்தாயிற்று."

அவர் உட்காரவில்லை. "நின்ற தண்ணீரிலும் நெல் வேரைச் சுற்றிக் காற்று கசியும். வேர் தானே காற்றை இறக்கும். அங்கே கொஞ்சம் நைட்ரேட் உண்டாகும். எந்தச் சட்டியில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? இந்த எண் பிழை இல்லாமலும் இருக்கலாம். இது அடுத்த கேள்வி" என்றார். லேகா, விலக்கிவிடலாம் என்று நான் கேட்ட பொட்டலம்!

வெளியே வந்ததும் புரொபசர் டீ வாங்கித் தந்தார். "செப்டம்பரில் நான் கேட்ட கேள்விக்கு வருத்தப்படுகிறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு அது நிறைய. பிறகு, "அந்தக் கூடாரக்காரப் பெண்ணை இங்கே வரச் சொல்லு. திட்ட உதவியாளர் இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷம். அதோடு எம்.எஸ்சி.யும் எழுதலாம்" என்றார்.

இதைப் பற்றி எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில் உன் பெயர் என் பெயருக்கு முன்னால் வருகிறது. நான் கேட்கவே இல்லை, அவரே எழுதினார். வா லேகா. பிரதீஷ் அண்ணனிடம் நான் பேசுகிறேன். சரோஜம் அம்மாவிடமும் பேசுகிறேன். எப்போது வண்டி ஏறுகிறாய்?

ஷிஜா


கொல்லயில்
9 மார்ச் 1997

அன்புள்ள ஷிஜா,

உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்தேன். பிரதீஷ், "போயிட்டு வா, நான் சோறு வச்சுத் தின்னுக்கிடுவேன்" என்றார். மாமியார், "அங்க தணுப்புக்கு கம்பிளி வேணும்" என்று உடனே பெட்டியைத் திறந்துவிட்டார்கள். நான்கு நாள் நானும் வண்டி ஏறிவிட்டது போலவே நடந்தேன். கனவில் நான்கு மார்க் வந்தது, போனது.

ஐந்தாம் நாள் வயலுக்குப் போனேன்.

எம்.எஸ்சி. எழுதுவேன். அதற்கு விண்ணப்பம் வாங்கியாயிற்று. திருவனந்தபுரத்தில்தான், பஸ்ஸில் போய் வரலாம். ஆனால் தில்லிக்கு நான் வரவில்லை. காரணம் கேள். உன் சட்டியில் தண்ணீர் நிற்கும் அல்லது நிற்காது. நம் வயலில் அப்படியா? கால்வாயில் நான்கு நாள் தண்ணீர் விடுவார்கள், மூன்று நாள் அடைப்பார்கள். மண் நனையும், வெடிக்கும், திரும்பவும் மூழ்கும். ஒரே வாரத்தில் அம்மோனியமும் நைட்ரேட்டும் மாறி மாறி. அதற்கு மேலே இரண்டு மடங்கு வாயு. அப்போது இலை என்ன செய்யும்? உன் புரொபசருக்குத் தெரியாது. அந்த மண்காரப் பெரியவருக்கும் தெரியாது. சட்டியில் தெரியவும் தெரியாது. இங்கேதான் தெரியும்.

மாமியார் கிழக்கு வயலில் ஒரு துண்டு எனக்கென்று விட்டுத் தந்திருக்கிறார்கள். மூன்று மாத நெல்லை நாற்றங்காலில் பாவி, நாற்று நான்கு விரல் உயரம் வந்தாயிற்று. பன்னிரண்டு கூடாரத்துக்கு மூங்கில் வெட்டிப் போட்டிருக்கிறேன். புரொபசரிடம் அந்த உதவியாளர் இடத்தை இங்கே மாற்றித் தர முடியுமா என்று கேள். முடியாது என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு வா, வந்து வரப்பில் நின்று சொல்லட்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பிரதீஷ் வெளியிலிருந்து கூப்பிடுகிறார், கால்வாய் திறந்துவிட்டார்களாம். தண்ணீர் மடைக்கு வரும் முன்னால் அளந்து பார்க்கக் காய்ந்த மண் எடுத்து வைக்க வேண்டும். நான் ஓடுகிறேன். நீ சீக்கிரம் வா, ஷிஜா.

லேகா